தண்ணீர் நிற்கும் தோட்டத்தில் கேரட்டும் கிழங்கும்: மழைக்கு முன்பே மண்ணுக்குள் போக வேண்டியவை

நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எம்.பாலாடாவில் நாங்கள் குத்தகைக்குப் பயிர் செய்யும் 60 சென்ட் நிலம் ஓடையை ஒட்டியது. குத்தகைப் பணம் ஏன் அவ்வளவு குறைவு என்பது முதல் ஆடி மழையில்தான் புரிந்தது. மேட்டுத் தோட்டத்துக்காரர்கள் மாசி, பங்குனியில் தண்ணீருக்கு மோட்டாரும் குழாயும் தேடி அலைவார்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஈரம் எப்போதும் உண்டு. ஆனி பிறந்தால் அந்த ஈரத்தோடுதான் சண்டை.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வாரம் எங்கள் பாத்திகள் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தன. விதைத்து 70 நாளான கேரட். தண்ணீர் வடிந்த பிறகும் இலை பச்சையாகத்தான் நின்றது. "தப்பித்துவிட்டது, சாமி புண்ணியம்" என்றார் என் வீட்டுக்காரர். நான்கு நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை மட்டும் கையோடு வந்தது. கேரட் மண்ணிலேயே தங்கிவிட்டது. விரலை விட்டுத் தோண்டினால் கூழ். அந்த வாடை கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்த மாதமே ஒருவர் பாட்டிலோடு வந்தார். வெள்ளத்தைத் தாங்க வைக்கும் தாது மருந்து, இலையில் தெளித்தால் போதும் என்றார். வெந்த புண்ணோடு இருப்பவள் எதைக் கொடுத்தாலும் வாங்குவாள். நானும் வாங்கினேன். அந்தப் பாட்டிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அது செய்த ஒரே நல்ல காரியம், என்னை மண் பரிசோதனைக்கு அனுப்பியதுதான்.

அதற்குப் பிறகு சில வருடங்களாக நான் செய்துவருவதை இங்கே எழுதுகிறேன். தாதுக்கள் கிழங்குப் பயிருக்கு வெள்ளத்தில் உதவுகின்றன. ஆனால் மழை வருவதற்கு முன்பே அவை வேருக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு மூட்டையைப் பிரித்துப் பயனில்லை.

வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன துளைகளில்தான் அதற்கான காற்று இருக்கிறது. அந்தத் துளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டால் ஆக்சிஜன் வேரை எட்டுவதில்லை. காற்றில் நகர்வதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாக நகரும். கீழ்நாட்டு வெயிலில் ஒரே நாளில் வேர் திணறிவிடும். நம் மலைக் குளிரில் வேரின் மூச்சும் மெதுவாக இருப்பதால் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் நேரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவது மட்டும்தான் நாம் செய்யக்கூடியது.

மூச்சு நின்ற வேரில் இரண்டு மூன்று காரியங்கள் நடக்கின்றன. அதற்குத் தெம்பு குறைகிறது, செல்களின் சுவர் தளர்கிறது, உள்ளே இருக்கும் சர்க்கரை கசிகிறது. மண்ணில் காத்திருக்கும் அழுகல் பாக்டீரியாவுக்கு அது விருந்து. செல்லையும் செல்லையும் ஒட்டிவைக்கும் சாந்து பெக்டின் என்ற பொருள்; அந்தச் சாந்தை இறுகப் பிடித்திருப்பது கால்சியம். அழுகல் பாக்டீரியா முதலில் கரைப்பது அந்தப் பெக்டினைத்தான். கால்சியம் நிறைந்த கிழங்கு எளிதில் கரைந்துகொடுப்பதில்லை.

இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. நீலகிரி மண் புளித்த மண், அதாவது அமிலம் கூடிய மண். தண்ணீர் நின்று காற்று அற்றுப்போனால், அதுவரை கரையாமல் கிடந்த மாங்கனீசும் இரும்பும் கரையத் தொடங்கும். புளிப்பு கூடக் கூட அது வேருக்கு நஞ்சாகும் அளவுக்குப் போய்விடும். உங்கள் வடிகாலில் துருப்பிடித்த தகரம்போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு வழுவழுப்பான படலம் மிதக்கிறதா? எண்ணெய் கலந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணுக்குள் கரைந்த இரும்பு வெளியே வந்து காற்றுப் பட்டதும் இப்படி ஆகிறது. அந்தப் படலம் தெரிந்தால் பக்கத்துப் பாத்தியின் அடியில் காற்றில்லை என்று பொருள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலைக்கு எந்தத் தாதுவும் வேண்டாம், மண்வெட்டி போதும். வடிகால் இல்லாத தோட்டத்தில் கால்சியம் தரும் ஜிப்சம் பொடியைப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிவிட்டு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். ஒரு அடிக்குள் தண்ணீர் ஊறி நின்றால் பாத்தியை ஒரு அடி உயரத்துக்கு ஏற்றியே ஆக வேண்டும். நாங்கள் தோட்டத்தைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, பாத்திகளுக்கு நடுவே அதில் சேரும்படி சிறு வாய்க்கால்களை எடுத்தோம். இது வைகாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். மேல்தோட்டத்து வாய்க்கால் உங்கள் நிலத்தில் வந்து விழுகிறது என்றால் அவரிடம் கோடையிலேயே பேசிவிடுங்கள். மழையில் நனைந்துகொண்டு பேசினால் அது பேச்சாக இருக்காது.

அடுத்தது டோலமைட், மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் பொடி. எங்கள் மண் அறிக்கையில் கார அமில நிலை 4.9 என்று வந்தது; அந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். கேரட்டுக்கு 5.5க்குக் குறையக் கூடாது; பீட்ரூட் 6க்கு மேல் கேட்கும். எங்களுக்குச் சொன்ன அளவு ஏக்கருக்கு ஒரு டன். எங்கள் 60 சென்டுக்கு 50 கிலோ மூட்டையில் பன்னிரண்டு. உங்களுக்கு உங்கள் அறிக்கை சொல்வதுதான் கணக்கு. என் கணக்கைப் பார்த்துப் போடாதீர்கள். டோலமைட் மெதுவாக வேலை செய்யும். பொடி எவ்வளவு நைசாக இருக்கிறதோ அவ்வளவு வேகம். கார்போகத்துக்குச் சித்திரையில் விதைக்கிறவர்கள் மாசியிலேயே தூவி அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட வேண்டும். காற்று இல்லாத காலை நேரத்தில், வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு தூவுங்கள். அதே வாரத்தில் யூரியாவோ டிஏபியோ போடாதீர்கள். சுண்ணாம்பு பட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். காசும் அதனோடு போய்விடும்.

உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். கிழங்குக்குக் கொஞ்சம் புளிப்பு பிடிக்கும். டோலமைட் போட்ட கையோடு கிழங்கு நட்டால் தோலில் சொறி விழும். மண்டியில் அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்குவார்கள். ஆகவே டோலமைட்டைப் பீட்ரூட்டுக்கோ கேரட்டுக்கோ முன்னால் போட்டு, கிழங்கை அதற்கடுத்து வரும் போகங்களில் வையுங்கள். நூற்புழுத் தொல்லை காரணமாகவும் இங்கே கிழங்கைத் தொடர்ந்து ஒரே இடத்தில் போடுவது நல்லதல்ல. 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட தங்க நூற்புழு இன்னும் நம்மோடுதான் குடியிருக்கிறது. மூன்று போகத்துக்கு ஒரு கிழங்கு என்பது என் வழக்கம்.

இப்போது ஜிப்சம். என் பார்வையில் வெள்ளத்துக்கு நேரடியாக உதவுவது இதுதான். ஜிப்சம் மண்ணின் புளிப்பை மாற்றாது. அது கொடுப்பது கரையும் கால்சியம். டோலமைட்டும் ஜிப்சமும் இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் கடையில் மாற்றிக் கட்டுவதும் உண்டு. எனக்கு ஒருமுறை அப்படித்தான் வந்தது. ஒரு ஸ்பூன் பொடியில் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். டோலமைட் லேசாக நுரைக்கும், ஜிப்சம் அசையாது. வீட்டுக்கு எடுத்துவரும் முன் கடைவாசலிலேயே செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறி இலைக்குப் போகும். இலையிலிருந்து கீழே இறங்கிக் கிழங்குக்கு வராது. நான் பாட்டில் பாட்டிலாக இலையில் கால்சியம் தெளித்த காலத்தில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. உருளைக்கிழங்கில் செடியின் பெரிய வேர் எடுக்கும் கால்சியம்கூட இலைக்குத்தான் போகிறது. கிழங்கு தன் பங்கைத் தன் மேலும், தன்னைச் செடியோடு இணைக்கும் கொடியின் மேலும் இருக்கும் சிறு வேர்களால்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் கிழங்கு உட்காரும் இடத்து மண்ணிலேயே ஜிப்சம் இருக்க வேண்டும். நட்ட 40, 45 நாளில் மண் அணைக்கும்போது செடியின் இரு பக்கமும் தூவி, அந்த மண்ணையே இழுத்து அணைத்துவிடுங்கள். கேரட்டிலும் பீட்ரூட்டிலும் நெருக்கமான நாற்றைக் கலைக்கும் சமயம், சுமார் 30 நாளில், வரிசைகளுக்கு நடுவே தூவிக் கொத்திவிடுகிறேன். நான் போடும் அளவு சென்டுக்கு இரண்டு கிலோ. ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் சொச்சம்தான். ஒரு மழையில் மொத்தமாகக் கரைந்து ஓடிவிடாமல் இருப்பதற்கு அந்தக் கஞ்சத்தனம்தான் காரணம்.

சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் உரத்தை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். பாதி அடியுரமாக, பாதி மண் அணைக்கும்போது. பொட்டாஷ் அதிகமானால் வேர் கால்சியத்தை எடுப்பது குறையும். ஜிப்சத்தில் போட்ட காசைப் பொட்டாஷ் தின்றுவிடும். விறகுச் சாம்பல் கிடைத்தால் நல்லது. அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் இரண்டும் உண்டு. ஊட்டியில் வர்க்கி சுடும் அடுப்புச் சாம்பலை ஒருவர் எனக்குச் சாக்கில் எடுத்துவைத்துக் கொடுக்கிறார். கரித்துண்டைச் சலித்துவிட்டு, சென்டுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போகாமல், நன்றாக ஆறிய சாம்பலாகப் போடுகிறேன். உருளைக்கிழங்குப் பாத்தியில் சாம்பல் வேண்டாம், சொறியின் காரணமாகவே.

போரான் மழையோடு அடித்துக்கொண்டு போகிற சத்து. பீட்ரூட்டை வெட்டினால் உள்ளே கருப்புத் திட்டுகள் தெரிவது பெரும்பாலும் அதன் குறைதான். உள்ளே இப்படிச் செத்த இடமிருந்தால் வெள்ளத்தில் அழுகல் அங்கேதான் முதலில் பிடிக்கிறது என்பது என் அனுபவம். சென்டுக்கு 40 கிராம் போராக்ஸை ஒரு படி மணலில் கலந்து விதைப்பதற்கு முன் தூவுகிறேன். தராசில் நிறுத்துப் போடுங்கள், கையளவு வேண்டாம். கூடிவிட்டால் அடுத்து வரும் பீன்ஸின் இலை ஓரம் தீய்ந்துபோகும். எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் பீன்ஸ் வரிசையைப் பார்த்து, பனி அடித்துவிட்டதா என்று வழியில் போனவர்கள் கேட்டார்கள்.

இனி அந்தப் பாட்டில். அதிலிருந்தது பொட்டாசியம் சிலிக்கேட். நெல்லும் கரும்பும் போன்ற புல் இனங்கள் சிலிக்காவை வாரி எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் தண்டும் வேரும் அதனால் உறுதிப்படுவது உண்மை. கேரட்டும் உருளைக்கிழங்கும் அதை மிகக் குறைவாகவே எடுக்கின்றன. நெல்லுக்குச் சொன்ன புகழைக் கேரட்டுக்கு ஒட்டி விற்கிறார்கள். நான் புத்திசாலித்தனமாக நினைத்துக்கொண்டு அதையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே டேங்கில் ஊற்றினேன். பால் திரிந்தது போல் திரிந்து தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஊசியை வைத்துக் குத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கால்சியம் நைட்ரேட்டைச் சிலிக்கேட், சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே டேங்கில் கலக்கக் கூடாது.

கால்சியம் பெராக்சைடு என்று ஒன்றும் உண்டு. ஈரத்தில் கரையும்போது ஆக்சிஜனை மெல்ல விடும். ஜப்பானில் சேற்றில் நேரடியாக விதைக்கும் நெல்லுக்கு இதை விதை மேல் பூசியிருக்கிறார்கள். விதையளவுக்கு அது சரி. முழுத் தோட்டத்துக்கும் போடுவது நம் கையிருப்புக்குக் கட்டுப்படியாகாது.

மழை அடித்து, தண்ணீர் பாத்தி மேல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணியைக் குறித்து வையுங்கள். ஓடைப்பக்கக் கரையை வெட்டித் தண்ணீரை இறக்குவது ஒன்றுதான் அன்றைய வேலை. பாத்தி மேல் காலை வைக்காதீர்கள். மிதித்த இடம் சிமெண்ட் மாதிரி இறுகும். எந்த உரத்தையும் தூவாதீர்கள். உருளைக்கிழங்கு ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் தாண்டினால் பெரும்பாலும் நம்பிக்கை இல்லை. பீட்ரூட் கொஞ்சம் முரடு.

தண்ணீர் இறங்கிய பிறகு மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். களியாக ஒட்டினால் இன்னும் பொறுங்கள். உதிர்ந்தால் சிறு கொத்தால் மேல்தோலை மட்டும் கீறிவிடுங்கள், காற்றுப் போகட்டும். இலை மஞ்சளாகியிருக்கும். மண்ணில் இருந்த நைட்ரேட் தண்ணீர் நின்றபோதே வாயுவாகப் போய்விட்டது. வேரும் இன்னும் வேலைக்கு வரவில்லை. இந்த ஒரு கட்டத்தில்தான் இலைவழியே கொடுப்பதற்குப் பொருள் இருக்கிறது. லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்துக் காலையில் தெளிக்கிறேன், ஒரு வாரம் கழித்து மறுபடியும். அது கிடைக்காத வருடம் லிட்டருக்கு 10 கிராம் யூரியா. ஈர மண்ணில் யூரியாவைக் கையால் வீசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செடிக்குச் சேராது, ஓடைக்குத்தான் சேரும்.

பிறகு தாழ்வான பாத்தியிலிருந்து நான்கைந்து கேரட்டைப் பிடுங்கி வால் நுனியை அழுத்திப் பாருங்கள். நுனி கெட்டியாக, வெளுப்பாக இருந்தால் காத்திருக்கலாம். பழுப்பாகி மெத்தென்று இருந்தால் அன்றே அறுவடை. அந்தக் கேரட்டைக் கழுவும் இயந்திரத்துக்கு அனுப்பி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் ஏற்றாதீர்கள்; மலை இறங்குவதற்குள் மூட்டைக்குள் சூடேறி நல்லதும் சேர்ந்து அழுகும். வாலை நறுக்கி ஊட்டி உழவர் சந்தையில் அன்றன்றைக்கு விற்றுவிடுவதே மேல். 30, 40 நாள்கூட ஆகாத பயிர் மூழ்கியிருந்தால் ஆணிவேரின் நுனி செத்திருக்கும். பிழைத்தாலும் இரண்டு கால், மூன்று கால் கேரட்தான் வரும். நான் அதைக் கொத்திவிட்டு, நிலம் காய்ந்ததும் முள்ளங்கி போட்டுவிடுவேன். உருளைக்கிழங்கின் தோலில் பொரி ஒட்டியது போல் வெள்ளைப் புள்ளிகள் எழும்பியிருந்தால் அவை வாய் திறந்த மூச்சுத் துளைகள். அந்தக் கிழங்கைக் கழுவாமல் காயவைத்துச் சீக்கிரம் விற்கவும், சமைக்கவும் வேண்டும். குதிரில் போடவோ விதைக்கு எடுத்துவைக்கவோ கூடாது.

இதையெல்லாம் நம்புவதற்கு முன் உங்கள் தோட்டத்திலேயே இரண்டு பாத்தியை ஜிப்சம் போடாமல் விட்டுக் குச்சி நட்டு வையுங்கள். நான் அப்படி விட்ட ஒரு ஜூலையில் தண்ணீர் ஒன்றரை நாள் நின்றது. போடாத பாத்தியில் பத்துக் கேரட் பிடுங்கினால் ஐந்து அழுகல்; போட்டதில் இரண்டு. ஒரு தோட்டம், ஒரு மழை. இதை வைத்து நான் யாரிடமும் சத்தியம் செய்ய மாட்டேன். ஓடைக்கரையில் இருக்கும் கடைசிப் பாத்தியில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. அங்கே ஜிப்சம் போட்டதும் மிஞ்சவில்லை, போடாததும் மிஞ்சவில்லை, இரண்டும் ஒரே கூழ். அந்தப் பாத்தியில் இப்போது மாட்டுக்குப் புல் வைத்திருக்கிறேன்.